நெற்பயிரின் பங்கசு நோயும் தாவரச் சாறுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

நாடுகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் முடியையும் படையையும் விரிவாகக் கூறினர். வயலில் விளைந்ததையும் விளையாது கெட்டதையும் சுருக்கமாகவே கூறினர். ஆயினும், ஒரு நாட்டின் களஞ்சியம் வெறுமையுற்றபோது அந்நாட்டின் முடியும் படையும் நிலைத்து நின்றதில்லை. களஞ்சியத்தை வெறுமையாக்கும் பகைகளுள் மழை பொய்த்தலையும் வெள்ளத்தையும் எல்லாரும் அறிவர். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய பங்கசுக்களால் வரும் நோய், அவற்றினும் குறைந்த பகையன்று. ஆசியாவின் கோடிக்கணக்கான மக்களுக்கு உயிர்நிலையாகிய நெல்லை இப்பகையினின்றும் காத்தற்கு மனிதன் கையாண்ட வழிகள் பல. அவற்றுள் இலையும் விதையும் பட்டையும் பிழிந்தெடுத்த சாறுகளைக் கொண்டு காக்கும் வழி மிகப் பழைமையானதாகவும் மிகப் புதியதாகவும் ஒருங்கே விளங்குகின்றது. பழைமை என்பதனால் அதனைப் போற்றுவோரும், பழைமை என்பதனாலேயே அதனை இகழ்வோரும் இக்காலத்திற் பலராவர். இரு சாராரும் அதன் வரலாற்றை நோக்குவது நன்று.

எரிந்தது போன்ற பயிர்

நெல்லைத் தாக்கும் பங்கசு நோய்களுள் முதன்மையானது எரிபந்தம் என இலங்கையிலும், குலைநோய் எனத் தமிழ்நாட்டிலும் வழங்குவதாகும். இந்நோய் கண்ட இலையிற் கதிர்க்கோல் வடிவமான புள்ளிகள் தோன்றும். அவற்றின் நடு சாம்பல் நிறமாகவும் ஓரம் கபில நிறமாகவும் இருக்கும். புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று கூடியபோது வயல் தீயிற் கருகியது போலத் தோன்றும். கதிரின் கழுத்தை நோய் பற்றினால் மணி பால் பிடியாது சப்பியாகிவிடும். உழவனது முழுப் பருவத்து உழைப்பும் அறுவடைக்குச் சில வாரங்களின் முன் அழிந்துபோம்.

பயிர் எரிந்தது என்னும் எண்ணம் பல நாட்டு மக்களுக்கும் பொதுவாக உண்டாயிற்று. இத்தாலிய உழவர் இதனைப் புறூசோனே என்றனர்; அச்சொல் எரிதற் பொருளிற் பிறந்தது. சீனர் இதனை நெல்லின் காய்ச்சல் என்றனர். 1637இல் வெளிவந்த 'தியன்கொங் கைவு' என்னும் சீனத் தொழில்நூலில் அதன் ஆசிரியர் சொங் யிங்சிங் நெல்லுக்கு நேரும் கேடுகளை எடுத்துரைக்குமிடத்து இதனையும் குறித்தார். விதைநெல்லைக் கடும் வெயிலிற் காயவைத்துச் சூடு ஆறுமுன் களஞ்சியத்தில் அடைத்தலால், அச்சூடு விதையுள் தங்கிப் பின்னர்ப் பயிரை எரிக்கின்றது என்பது அவரது விளக்கம். விதையைக் குளிரவைத்துச் சேமித்தல் வேண்டும் என்பது அவரது மருந்து. விளக்கம் பிழையாயினும், நோயை நாடி, அதன் முதல் நாடி, அது தணிக்கும் வாயை நாடும் முயற்சி அங்கே தெளிவாகக் காணப்படுகின்றது.

தமிழ் வழங்கும் நிலப்பகுதியில் இந்நோய் அறிவியல் முறையிற் பதிவுபெற்றது 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், தஞ்சைக் காவிரிப் படுகையிலாகும். நோய் அதற்கு முன்னரும் அங்கு இருந்திருத்தல் கூடும். ஆனால் உழவர் கண்ட நோய்கள் ஏட்டில் ஏறுவதற்கு ஆய்வாளரின் வருகை வேண்டியிருந்தது.

பழைய நூல்களின் மருத்துவம்

இந்தியாவிற் பயிர் மருத்துவம் தனியொரு கலையாக வளர்ந்தது. அக்கலை விருட்சாயுர்வேதம் எனப்பட்டது. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகத்சங்கிதையில் ஓர் அதிகாரத்தை இதற்கு ஒதுக்கினார். குளிர், காற்று, வெயில் ஆகியவற்றால் மரங்கள் நோயுறும் என்றும், இலை வெளிறல், தளிர் வளராமை, கிளை உலர்தல், பால் வடிதல் என்பன நோயின் குறிகள் என்றும் அவர் கூறினார். நோயுற்ற பகுதியைக் கத்தியால் நீக்கி, வாயுவிளங்கத்தை நெய்யும் சேறும் கூட்டிப் பூசி, பால் கலந்த நீரை வார்த்தல் அவர் விதித்த சிகிச்சையாகும். கெட்ட பகுதியை வெட்டி நீக்குதல் இன்றும் தோட்டக்காரர் கையாளும் முறையே என்பது நோக்கத்தக்கது.

ஏறக்குறைய 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் சுரபாலர் இயற்றிய விருட்சாயுர்வேதம் இக்கலையை விரித்துரைத்தது. மனித உடலுக்கு வாதம், பித்தம், கபம் எனக் கூறப்படும் மூன்று தோடங்களையும் அவர் மரங்களுக்கும் பொருத்தி, அவற்றிற்கேற்ற மருந்துகளை வகுத்தார். இந்நூலின் கையெழுத்துப் படி இங்கிலாந்தின் ஒக்சுபோட்டு நகரிலுள்ள போட்லியன் நூலகத்திற் பேணப்பட்டு வந்தது. 1996இல் அது மொழிபெயர்ப்புடன் செக்கந்தராபாத்தில் அச்சேறியது.

இந்நூல்களை மதிப்பிடுங்காற் கவனம் வேண்டும். இவை பெரும்பாலும் மரங்களையும் சோலைகளையும் பற்றியன; பரந்த நெல்வயலைப் பற்றியன அல்ல. பங்கசு என்னும் உயிரியை இவற்றின் ஆசிரியர் அறிந்திலர். ஒரு மருந்து பூச்சியைத் தடுத்ததா, பங்கசுவைத் தடுத்ததா, அன்றி மரம் தானே தேறியதா என்பதை வேறுபடுத்தும் வழி அவரிடம் இருக்கவில்லை. அவ்வாறே, தமிழ் உழவர் நெற்குதிரில் வேப்பிலையையும் நொச்சியிலையையும் இட்டமை சேமித்த நெல்லை வண்டினின்றும் காப்பதற்கே. வயலிற் பரவும் எரிபந்தத்தைத் தடுத்தற்கன்று. எனினும், சில தாவரங்கள் பிற உயிர்களை விலக்கும் ஆற்றலுடையன என்னும் அறிவு இம்மக்களிடம் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது என்பதற்கு இவ்வழக்கங்கள் சான்றாகும். பிற்கால ஆய்வு அவ்வறிவிலிருந்தே புறப்பட்டது.

நோயின் முதலைக் கண்டமை

பங்கசுவே நோயின் காரணம் என்பதை நிறுவியோர் ஐரோப்பியர். 1807இல் பிறேவோ என்பார் கோதுமையின் கரிநோய் ஒரு நுண்ணுயிரால் வருவதென்றும், செப்புச் சல்பேற்றுக் கரைசல் அதன் வித்திகள் முளைப்பதைத் தடுக்கின்றது என்றும் காட்டினார். அக்காலத்தார் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1845இல் தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் வெளிறல் நோயால் அழிந்து, ஏறக்குறைய 10 இலட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மடிந்தபின்னரே உலகம் விழித்தது. செருமானிய அறிஞர் தெ பாரி 1853இல் வெளியிட்ட நூலும் அதன் பின்னர்ச் செய்த ஆய்வுகளும் ஐயத்தை நீக்கின.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓரிடமுண்டு. 1869இல் இந்நாட்டுக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவைற்றசு அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பேக்கிலி, அப்பங்கசுவுக்கு எமிலியா வசுற்றாட்றிக்சு எனப் பெயரிட்டார். ஈற்றுச் சொல் 'பாழாக்குவது' எனப் பொருள்படும். 1880 முதல் 1882 வரை இலங்கையில் ஆய்வு நடத்திய மாசல் உவாட்டு, அதன் வாழ்க்கை வட்டத்தைத் தெளிவுபடுத்தினார். கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தும் தோட்டங்களைக் காத்தல் இயலவில்லை. மலைநாடு கோப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறியது; அதனோடு தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையும் மாறியது.

அதே காலத்திற் பிரான்சு நாட்டின் மெடொக் பகுதியில், வழிப்போக்கர் திராட்சைப் பழங்களைப் பறியாதவாறு பாதையோரக் கொடிகளில் உழவர் செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். அக்கொடிகளில் மட்டும் நோய் காணப்படாமையை 1882இல் மிலார்டே கவனித்தார். 1885இல் அவர் வெளியிட்ட 'போர்டோக் கலவை' உலகெங்கும் பரவிய முதற் பங்கசுநாசினியாயிற்று. திருடரை அஞ்சுவிக்கத் தெளித்த நீலநீர் உலகின் திராட்சையைக் காத்தது. ஆனால், நெல்லோ செம்பைப் பொறுக்காத பயிர். கலவை சிறிது மிஞ்சினும் இலை கருகும். எனவே திராட்சைக்குக் கிடைத்த மருந்து நெல்லுக்கு முழுமையாகப் பயன்படவில்லை.

வங்கத்தின் படிப்பினை

நெல்லின் பங்கசு நோய் எத்துணைக் கொடிய அரசியற் பொருளாதார விளைவுகளோடு கலக்கவல்லது என்பதை 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் காட்டிற்று. 1942இன் மாரிப் போகத்தில் வங்க வயல்களிற் கபிலப்புள்ளி நோய் பெருமளவிற் பரவியது. அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்திற் கடுஞ்சூறாவளி ஒன்றும் வங்கக் கரையைத் தாக்கியது. பஞ்சத்தில் மாண்டோர் தொகை 20 முதல் 30 இலட்சம் வரை என மதிப்பிடப்படுகின்றது.

பின்னாளிற் கட்டாக்கு மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக விளங்கிய பத்மநாபன், 1973இல் வெளியிட்ட கட்டுரையில், வங்கத்தின் இரு ஆராய்ச்சி நிலையங்களிற் பதிவான விளைச்சற் கணக்குகளைக் கொண்டு, பல நெல்லினங்கள் 1942இல் நோயினால் பேரிழப்பு எய்தின எனக் காட்டினார். 1981இல் பொருளியலறிஞர் அமர்த்தியா சென், உணவுக் குறைவு மட்டும் பஞ்சத்தின் காரணமாகாது. போர்க்கால விலையேற்றத்தால் நிலமற்ற கூலியாளரும் மீனவரும் உணவை வாங்கும் வலுவை இழந்தமையே தலையாய காரணம் என வாதித்தார். இவ்விரு கருத்துக்களுக்குமிடையே அறிஞர் விவாதம் தொடர்ந்து நிகழ்ந்து வருகின்றது. நோய் விளைச்சலைக் குறைக்கலாம். அக்குறைவு சாவாக மாறுவதும் மாறாதிருப்பதும் ஆட்சியையும் சந்தையையும் பொறுத்தது என்று கொள்வது இரு சாரார் சான்றுகளுக்கும் இயைபுடையதாகும்.

கபிலப்புள்ளி நோய் பற்றிய மற்றோர் உண்மையும் ஈண்டு நினைக்கற்பாலது. சாரமிழந்த நிலத்தில் வளரும் நெல்லையே அது பெரிதும் தாக்கும். அதனால் உழவர் அதனை 'ஏழையின் நோய்' எனல் பொருந்தும். எரிபந்தமோ இதற்கு மாறாக, நைதரசன் உரம் மிகையாக இடப்பட்ட செழும்பயிரை விரும்புவது. ஒன்றற்கு ஏற்ற மருந்து மற்றொன்றற்கு ஏலாது என்பதும், நோயைத் தடுத்தல் நிலத்தைப் பேணுதலிலிருந்து தொடங்குவது என்பதும் இவற்றாற் பெறப்படும்.

இரசமும் அதன் விலையும்

இரண்டாம் உலகப் போரின்பின் உணவின்றி வாடிய யப்பான், 1950களின் தொடக்கத்தில் எரிபந்தத்திற்கு எதிராகப் பெனில் இரச அசற்றேற்றைச் சுண்ணாம்போடு கலந்து வயல்களிற் தூவத் தொடங்கியது. நோய் அடங்கியது; விளைச்சல் உயர்ந்தது. செம்பினாற் கருகிய நெல் இரசத்தைப் பொறுத்துக்கொண்டது. ஆனால், தூவிய இரசத்தின் எச்சம் அரிசியிற் காணப்பட்டது. 1956இல் மினமாட்டா விரிகுடாவிற் கண்டறியப்பட்ட நோய், ஆலைக் கழிவிலிருந்த இரசத்தினால் வந்தது. வயலில் தூவிய மருந்தினால் வந்ததன்று. ஆயினும், இரசம் மனித நரம்பை எவ்வாறு சிதைக்கும் என்பதை அந்நிகழ்ச்சி யப்பானிய மக்களுக்கு உணர்த்தியது. 1960களின் பிற்பகுதியில் நெல்வயலில் இரசம் தூவுதல் கைவிடப்பட்டது.

இரசத்திற்குப் பதிலாக யப்பானியர் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை நாடினர். 1960களின் தொடக்கத்தில் பிளாத்திசிடின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி வழக்கிற்கு வந்தது. நாரா நகரின் கசுகா ஆலயத்து மண்ணிலிருந்து பெறப்பட்ட நுண்ணுயிர் ஒன்றிலிருந்து, உமெசாவா என்னும் அறிஞரின் குழு 1965இல் கசுகாமைசினை அறிவித்தது. ஆனால், 1970களின் தொடக்கத்திலேயே அம்மருந்துக்கு அடங்காத எரிபந்தப் பங்கசுக்கள் வயலிற் தோன்றலாயின. ஒரே நச்சை மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் பகை அதனைத் தாங்கக் கற்றுக்கொள்ளும் என்பது இதனாற் புலனாயிற்று.

நச்சின் எச்சம் வாணிகத்தையும் பாதிக்கும். எரிபந்தத்திற்கு எதிராக இந்தியாவில் விரிவாகக் கையாளப்பட்ட திரைசைக்கிளசோலின் அனுமதிக்கப்படும் எச்ச அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கிலோகிராம் அரிசிக்கு 0.01 மில்லிகிராம் எனக் குறைத்தபோது, வாசமதி அரிசியை ஏற்றுமதி செய்வோர் பெரும் இடர்ப்பாட்டிற்கு உள்ளாயினர். மாற்று வழி வேண்டும் என்னும் தேட்டம் இவ்வாறு உடல்நலத்தாலும் சந்தையாலும் ஒருங்கே தூண்டப்பட்டது.

சாறுகள் ஆய்வுகூடத்திற்கு வந்தமை

தாவரங்கள் தமக்குள்ளே பங்கசுவை எதிர்க்கும் பொருள்களைக் கொண்டுள்ளன என்பதை வேதியியல் முறையில் முதலிற் தெளிவுறக் காட்டியது வெங்காயமாகும். 1929இல் அமெரிக்க ஆய்வாளர் லிங்கு, உவாக்கர் முதலானோர், நிறமுள்ள சருகையுடைய வெங்காயம் ஒருவகைப் பங்கசு நோய்க்கு ஆட்படாமையையும், வெண்ணிற வெங்காயம் ஆட்படுவதையும் ஆராய்ந்து, நிறச்சருகிலுள்ள புறொற்றோக்கற்றெச்சூயிக்கமிலமே அக்காவலைத் தருகின்றது என நிறுவினர். 1944இல் உள்ளியிலிருந்து அலிசின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. உள்ளியை நசுக்கியபோதே அப்பொருள் உண்டாகின்றது. முழுப் பல்லில் அது இல்லை. சாறு பிழியும் முறையே மருந்தின் வலுவை முடிவுசெய்யும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நெல்லும் தன்னைக் காக்கும் பொருள்களைத் தானே ஆக்குகின்றது. 1973இல் நெல் உமியிலிருந்து மோமிலற்றோன் என்னும் பொருள்களை யப்பானியர் பிரித்தெடுத்தனர். எரிபந்தப் பங்கசு தாக்கிய இலையில் அவை பெருகுகின்றன என்பது பின்னர்த் தெரியவந்தது. சேரிப் பழமரத்தின் பட்டையில் முன்னரே அறியப்பட்டிருந்த சக்குரனெற்றின் என்னும் பொருளும் நெல்லிலையில் அவ்வாறே தோன்றுவது 1992இல் அறிவிக்கப்பட்டது. எனவே தாவரச் சாறு தெளித்தல் இயற்கைக்குப் புறம்பான செயலன்று. ஒரு தாவரத்தின் படைக்கலத்தை மற்றொன்றற்குக் கடனாக வழங்குதலே அது.

இந்தியத் தாவரங்களுள் அறிஞர் கவனத்தை மிகுதியும் ஈர்த்தது வேம்பாகும். 1942இல் சலிமுச்சமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லா மரங்களையும் மொட்டையாக்கியபோது வேம்பை மட்டும் தீண்டாது விட்டதைச் செருமானியரான சிமுற்றரர் கண்டார். 1968இல் அசாடிராக்தின் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் சிக்கலான அமைப்பு 1985இலேயே சரிவர அறியப்பட்டது. அசாடிராக்தின் சிறப்பாகப் பூச்சிகளுக்கே பகையானது. பங்கசுக்களைத் தடுப்பதில் வேம்பின் எண்ணெயும் அதன் ஏனைய கூறுகளும் பங்குகொள்கின்றன. இவ்வேறுபாட்டை அறியாது, பூச்சியைக் கொன்றது நோயையும் போக்கும் எனக் கொள்வது தவறாகும்.

நெல்லின் நோய்களைப் பற்றிய நேர்முக ஆய்வுகள் 1970களின் பின் பெருகின. கபிலப்புள்ளிப் பங்கசுவின் மீது மருதோன்றி இலைச்சாற்றின் செயலை இந்திய ஆய்வாளர் 1980களிற் சோதித்தனர். நைசீரியாவைச் சேர்ந்த அமடியோகா, வேப்பிலைச் சாறும் வேப்பம் விதை எண்ணெயும் எரிபந்தப் பங்கசுவை ஆய்வுகூடத்திலும் நெற்செடியிலும் தடுத்தமையை 2000இல் வெளியிட்டார். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இலையுறை நோய்களுக்கு 3 வீத வேப்பெண்ணெய், 5 வீத வேப்பங்கொட்டைச் சாறு என்பவற்றைத் தன் பரிந்துரைகளிற் சேர்த்துள்ளது. நிலத்திற்கு எக்டேயருக்கு 150 கிலோகிராம் வேப்பம் பிண்ணாக்கு இடுதலையும் கூறுகின்றது.

வேப்பங்கொட்டைச் சாறு செய்யும் முறை எளியது. 5 கிலோகிராம் வேப்பம் பருப்பை இடித்து 10 லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, இருமடித் துணியில் வடித்து, 100 லீற்றராக நீர் கூட்டி, இலையில் ஒட்டுமாறு சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளித்தல் வேண்டும். வெயிலின் ஒளி வேம்பின் பொருள்களைச் சிதைத்துவிடும் ஆதலால் மாலை வேளை கூறப்பட்டது.

வேம்பின் வழக்கு

இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி வயலில் நிகழவில்லை. செருமனியின் மூனிச்சு நகரத்து நியாயசபையில் நிகழ்ந்தது. வேப்பம் விதையிலிருந்து கரைப்பானாற் பெற்ற எண்ணெயைக் கொண்டு தாவரப் பங்கசுக்களைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994 செத்தெம்பரில் ஆக்கவுரிமை வழங்கியது. அதனைப் பெற்றோர் அமெரிக்க அரசின் வேளாண்மைத் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிறேசு என்னும் கம்பனியுமாவர். வேம்பை முற்றத்தில் வளர்த்த மக்களின் அறிவு பிறநாட்டாரின் தனியுடைமையாயிற்று என்னும் குரல் இந்தியாவில் எழுந்தது.

1995இல் இந்தியாவின் வந்தனா சிவாவும், ஐரோப்பியப் பாராளுமன்றப் பசுமைக் குழுவைச் சேர்ந்த மக்தா ஆல்வோற்றும், உலகச் சேதன வேளாண்மை இயக்கங்களின் கூட்டமைப்பும் ஒருங்கே எதிர்ப்பு மனுத் தாக்கல் செய்தனர். 2000 மே 10ஆம் நாள் ஆக்கவுரிமை நீக்கப்பட்டது. உரிமையாளர் செய்த மேன்முறையீடும் 2005 மார்ச்சு 8ஆம் நாள் தள்ளப்பட்டது.

இத்தீர்ப்பின் உட்பொருள் ஆராயத்தக்கது. வேம்பு புனிதமானது என்பதோ, பல தலைமுறையினர் அதனை அறிவர் என்பதோ வழக்கை வென்று தரவில்லை. இந்தியக் கைத்தொழில் முகாமையாளர் ஒருவர், ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்குமுன்பே 1980களின் நடுப்பகுதியில் வேப்பம் விதை எண்ணெய்ப் பிரித்தெடுப்பை வயலிற் கையாண்டமை பற்றி அளித்த சாட்சியம் பெரிதும் உதவியது. நாளும் இடமும் முறையும் குறிக்கப்பட்ட செய்தியே நியாயசபையிற் பேசியது. அன்றியும், அந்நாளைய அமெரிக்கச் சட்டம் பிறநாட்டில் எழுதப்படாது வழங்கிய பயன்பாட்டை முன்னறிவாக ஏற்கவில்லை. அச்சிட்ட ஏட்டையே வேண்டி நின்றது. அச்சட்டம் 2011இல் நிறைவேறிய திருத்தத்தினாலேயே மாறியது. மஞ்சளின் புண்ணாற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட ஆக்கவுரிமை 1997இல் நீக்கப்பட்டதும் எழுத்துச் சான்றுகளின் வலிமையாலேயாம். இவ்வனுபவங்களின்பின் இந்திய அரசு 2001இல் மரபறிவு எண்ணிம நூலகத்தைத் தொடங்கிப் பழைய மருத்துவ நூல்களின் செய்திகளைப் பல மொழிகளில் ஒழுங்குபடுத்தலாயிற்று. ஏட்டில் ஏறாத அறிவு எளிதிற் பிறர் கைப்படும் என்பது வேம்பின் வழக்கு கற்பித்த பாடமாகும்.

வயலின் தீர்ப்பு

வழக்கில் வென்ற வேம்பு வயலிலும் வெல்லுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காண எரிபந்தப் பங்கசுவின் செயலை அறிதல் வேண்டும். அதன் வித்தி மூன்று கலங்களையுடையது. ஈரமான இலையில் விழுந்து சில மணி நேரத்துள் முளைத்து, குமிழ் போன்ற உறுப்பொன்றை உண்டாக்கும். அக்குமிழுள் வளிமண்டல அமுக்கத்தின் ஏறக்குறைய 80 மடங்கான அமுக்கம் எழும். அவ்வலுவினால் இலையின் தோலைத் துளைத்து உள்ளே புகும். புகுந்தபின் இலைமேற் தெளித்த சாறு அதனை எட்டுதல் அரிது. ஆகவே, தாவரச் சாறு நோயைத் தீர்க்கும் மருந்தாவதிலும், நோய் வருமுன் காக்கும் காவலாதலே பெரும்பான்மை.

இதனால், கண்ணாடித் தட்டில் வளர்த்த பங்கசுவை ஒரு சாறு முற்றாகத் தடுத்தது என்னும் செய்தியைக் கேட்டு வயலிலும் அவ்வாறே ஆகும் என முடிவுசெய்தல் கூடாது. தட்டில் மழை இல்லை, வெயில் இல்லை. சாறு கழுவப்படுவதுமில்லை, சிதைவதுமில்லை. வேப்பங்கொட்டையின் சத்து மரத்துக்கு மரமும் பருவத்துக்குப் பருவமும் வேறுபடும். பூஞ்சணம் பிடித்த கொட்டையிலிருந்து வலுவான சாறு கிடையாது. இவை சாறுகளின் குறைகள். அவற்றின் நிறைகளும் உள. அவை விரைவிற் சிதைவதால் அரிசியில் எச்சம் தங்காது. பல பொருள்கள் கலந்திருத்தலால் பங்கசு அவற்றுக்குப் பழகுதல் எளிதன்று. கடன்பட்டு வாங்காது உழவன் தன் வளவிலேயே ஆக்கிக்கொள்ளலாம்.

குறைநிறைகளைத் தூக்கிப் பாராது ஒருபக்கம் சாய்வதன் விளைவை இலங்கை அண்மையில் அனுபவித்தது. 2021 மே மாதத்தில் அரசு செயற்கை உரம், பீடைநாசினி என்பவற்றின் இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. மாற்றுப் பொருள்களை ஆக்குவதற்கும் சோதிப்பதற்கும் உழவருக்குக் கற்பிப்பதற்கும் காலம் விடப்படவில்லை. நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. விளைச்சற் குறைவுக்கு உரமின்மையே முதற்காரணம். நோய்த் தடுப்பு மட்டுமன்று. எனினும், நல்ல நோக்கமொன்றும் முறையான ஆயத்தமின்றிச் செயற்படின் நோக்கத்தையே இழிவுபடுத்தும் என்பதற்கு அது சான்றாயிற்று. சேதன முறையில் நம்பிக்கை வைத்திருந்த உழவருள்ளும் பலர் அதன்பின் அச்சொல்லையே வெறுத்தனர்.

இந்நாட்டின் முந்திய அனுபவமொன்று வேறு வழியைக் காட்டுகின்றது. 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தார், முருங்கைக்காயன் என்னும் நாட்டு நெல்லினத்தை இந்தோனேசிய மாஸ் இனத்தோடு கலந்து எச்-4 என்னும் இனத்தை வெளியிட்டனர். அது விளைச்சலில் மேம்பட்டதோடு எரிபந்தத்தையும் தாங்கி நின்றது. உழவரின் கையிலிருந்த பழைய விதை இகழப்படவில்லை, கண்மூடிப் போற்றப்படவுமில்லை. ஆராயப்பட்டு, அளக்கப்பட்டு, புதியதோடு இணைக்கப்பட்டது. நோய் தாங்கும் விதை, அளவான நைதரசன், உரிய காலத்து விதைப்பு, நோயுற்ற வைக்கோலை அகற்றுதல் ஆகியன அடித்தளமாக, அவற்றின் மேலே தாவரச் சாறு ஒரு காவலாகவும், இரசாயனம் இறுதிப் படைக்கலமாகவும் அமைதல் வேண்டும் என்பதே அறிஞர் பலரின் முடிபு.

வராகமிகிரர் காலத்து வாயுவிளங்கம் முதல் மூனிச்சு நகரத்து வழக்கு வரை நீளும் இவ்வரலாறு ஓர் உண்மையை உறுதிப்படுத்துகின்றது. செம்பும் இரசமும் நுண்ணுயிர்க்கொல்லியும் தத்தம் காலத்தில் இறுதி மருந்தெனப் போற்றப்பட்டன. ஒவ்வொன்றும் தன் குறையைப் பின்னரே வெளிப்படுத்தியது. வேம்புக்கும் அந்நிலை வாராதிருக்க வேண்டுமாயின், அதனைப் புகழ்வதை விடுத்து அதனை அளத்தல் வேண்டும். எந்தச் சாறு, எந்த நோய்க்கு, எந்த மண்ணில், எத்தனை வீதம், எத்தனை முறை என்னும் கேள்விகளுக்கு வன்னியின் வயல்களிலும் மட்டக்களப்பின் வயல்களிலும் விடை காணப்பட்டு, அவ்விடை தமிழில் எழுதப்பட்டு, உழவர் கையிற் சேர்தல் வேண்டும். அப்பணிக்குப் பல்கலைக்கழகத்து அறிஞர் மட்டும் போதார். பாடசாலைத் தோட்டத்தில் இரு பாத்திகளை அமைத்து, ஒன்றுக்குச் சாறு தெளித்து மற்றொன்றைத் தெளியாது விட்டு, கண்டதைக் கண்டவாறே நாட்குறிப்பில் எழுதும் மாணவனும் அப்பணியின் பங்காளனாவான். ஏட்டில் ஏறிய அறிவே அழியாது. அதுவே பிறராற் கவரப்படாததுமாகும்.